ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது யார்?

கோவையிலிருந்து பாலக்காட்டுக்குக் காரில் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. மதுக்கரை தாண்டி, க.க. சாவடி தாண்டி, வாளையார் நெருங்கும்போது வண்டிக்குள் 'க்ளிக்' என்று கேட்கும். அதுவரை தோளுக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்த சீட் பெல்ட்டை டிரைவர் மாட்டிக்கொள்ளும் சத்தம் அது. "கேரளா வந்தாச்சுங்க, கேமரா இருக்கு" என்று விளக்கமும் சொல்வார். திரும்பி வரும்போது, வாளையார் பின்னால் போனதும் பெல்ட் கழன்றுவிடும். தமிழ்நாட்டிலும் கேமரா உண்டு, அபராதமும் உண்டு. ஆனால் பயம் என்னவோ எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உயிரின் மீதுள்ள பயமாக இருந்தால் அது எல்லைக்கு எல்லை மாறுமா?

இந்தப் பயத்தைக் கிளப்பியது 'சேஃப் கேரளா' என்ற திட்டம். 232 கோடி ரூபாய் செலவில், அரசு நிறுவனமான கெல்ட்ரான் மூலம் மாநிலமெங்கும் 726 கேமராக்கள். 2023 ஏப்ரல் 20-ம் தேதி முதல்வர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். ஜூன் 5-ம் தேதியிலிருந்து அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் ரூ. 500, சீட் பெல்ட் இல்லாவிட்டால் ரூ. 500, ஓட்டும்போது செல்போனில் பேசினால் ரூ. 2,000, கார் வேக வரம்பை மீறினால் ரூ. 1,500 என்று பட்டியல் வெளியானது. டெண்டரிலும் துணை ஒப்பந்தங்களிலும் ஊழல் என்று எதிர்க்கட்சியாக இருந்த காங்கிரஸ் புகார் கிளப்ப, விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் போன்றவற்றைப் பார்ப்பவை. 25 தவறான இடத்தில் நிறுத்துவதைப் பிடிப்பவை. 18 சிவப்பு விளக்கைத் தாண்டுவதைப் பிடிப்பவை. வேகத்தை அளப்பவை எத்தனை? ஓரிடத்தில் நிலையாக நிற்பவை நான்கு, வண்டியில் வைத்து நகர்த்துபவை நான்கு. ஆக எட்டு. முன்பே வைக்கப்பட்ட வேகக் கேமராக்கள் தனியாக உண்டு என்றாலும், ஊரெல்லாம் பேசிய இந்தப் புதிய திட்டத்தில் வேகத்தின் பங்கு இவ்வளவுதான்.

ஆனால் சாலையில் ஆளைக் கொல்வதில் முதலிடம் வேகத்துக்குத்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் 71 சதவீதம் அதிவேகத்தால் நேர்ந்த மரணங்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம், 64,105. கேரளம் மூன்றாவது இடம், 43,910. வாளையாரின் இரு பக்கத்துக்காரர்களும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. அது கை நீட்டாது. வாளையார் சோதனைச் சாவடியின் பழைய நாட்களை லாரி டிரைவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை வணிக வரிச் சாவடியில் மைல் கணக்கில் லாரி வரிசை நிற்கும். வரிச் சாவடி போன பிறகும் மோட்டார் வாகனத் துறையின் சாவடி இருந்தது. 2025 ஜனவரியில் வாளையார் உள்ளிட்ட பாலக்காடு மாவட்ட எல்லைச் சாவடிகளில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறை திடீர்ச் சோதனை நடத்தியபோது கணக்கில் வராத பணம் சிக்கியது. இப்படிப்பட்ட இடத்தில், வண்டி எண்ணை மட்டும் பார்த்து, ஆளைப் பார்க்காமல், பேரம் பேசாமல் ரசீது அனுப்பும் யந்திரம் வருவது நல்லதுதான். சங்கத் தலைவர் வண்டி, கட்சிக்காரர் வண்டி என்று அதற்குத் தெரியாது.

கேள்வி அதற்கு அடுத்தது. யந்திரம் பார்த்துவிட்டது. பிறகு?

இதற்குப் பதில் தேட பாலக்காடு மாவட்டத்திலேயே ஓர் இரவு இருக்கிறது. 2022 அக்டோபர் 5. எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியில் உள்ள ஒரு பள்ளியின் மாணவர்கள் சுற்றுலாப் பஸ்ஸில் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். இரவு பதினொன்றரை மணி வாக்கில், வடக்கஞ்சேரி அருகே அஞ்சுமூர்த்திமங்கலத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ்ஸின் பின்பகுதியில் மோதி அந்தப் பஸ் கவிழ்ந்தது. அரசு பஸ் கொட்டாரக்கரையிலிருந்து கோவைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசு பஸ் பயணிகள் மூன்று பேர் என்று ஒன்பது உயிர் போயிற்று. இரண்டு பஸ்ஸும் தமிழ்நாட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் வாளையாரைக் கடந்திருக்கும்.

சுற்றுலாப் பஸ்ஸின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். இது ஊகம் அன்று. பஸ்ஸில் இருந்த ஜி.பி.எஸ். கருவி பதிவு செய்தது. 80-க்கு மேல் போக விடாதபடி பொருத்திய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அரசு பஸ் திடீரென்று வேகத்தைக் குறைத்ததா என்ற கேள்வியும் பிறகு எழுந்தது. குறைத்திருந்தாலும், 80-ல் வருகிற வண்டிக்கும் 98-ல் வருகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதில்லை. 98-ல் ஒரு விநாடிக்கு 27 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை விநாடி போனால் 40 மீட்டர் தாண்டியாயிற்று. மோதலின் வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். அந்தக் கணக்கில் 80-ஐவிட 98-ன் அடி ஒன்றரை மடங்கு.

இதில் நெஞ்சைத் தைக்கும் விஷயம் வேறு. பஸ் அதிவேகத்தில் போகிறது என்ற எச்சரிக்கைச் செய்தி, விபத்துக்கு முன்பே, உரிமையாளரின் கைபேசிக்குப் போனது. மோட்டார் வாகனத் துறை அதிகாரிகளே இதைச் சொன்னார்கள். முன்பே விதிமீறலுக்காக அந்தப் பஸ்ஸின் மீது ஐந்து வழக்குகள் இருந்தன, அது கறுப்புப் பட்டியலில் இருந்தது என்றும் அப்போது செய்திகள் வெளியாயின. டிரைவர் வேளாங்கண்ணிப் பயணம் ஒன்றை முடித்துவிட்டு வந்த கையோடு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார், களைப்பாகத் தெரிந்தார் என்று பெற்றோர்கள் சொன்னார்கள்.

ஆக, யந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. உரிமையாளரின் செல்போனுக்குத் தெரிந்திருந்தது. வழக்குக் கோப்புக்குத் தெரிந்திருந்தது. ஒரு கை நீண்டு அந்தப் பஸ்ஸை ஓரம் கட்டவில்லை. பார்க்கும் கண் எத்தனை இருந்தும் தடுக்கும் கை இல்லையென்றால், கேமரா என்பது விபத்துக்குப் பிறகு சாட்சி சொல்ல மட்டுமே உதவும்.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மின்னணுக் கண்காணிப்புக்காகவே 136-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்ட் மாதம் வெளியான விதிகள் விவரமாகவே இருந்தன. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும். நோட்டீஸில் வண்டி எண் தெரியும் படம், இடம், நேரம், அளந்த வேகம் எல்லாம் இருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும்.

15 நாள் என்பது காகிதத்துக்குச் சீக்கிரம்; காலுக்குத் தாமதம். இன்று அழுத்திய ஆக்ஸிலரேட்டருக்கு இரண்டு வாரம் கழித்து வரும் ரசீது எந்த வளைவில், எந்த அவசரத்தில் அழுத்தியது என்பதை நினைவுபடுத்தாது. அதுவும் ஒழுங்காக வந்தால்தான். கெல்ட்ரானுக்குத் தர வேண்டிய பணம் பாக்கியானதால், 2024-ல் கேரளத்தில் நோட்டீஸ் அனுப்பும் வேலையே தடைப்பட்டதாகச் செய்தி வந்தது. கேமரா படம் எடுத்துக்கொண்டே இருந்தது. தபால் போகவில்லை.

எல்லை தாண்டும்போது சிக்கல் இன்னும் கூடும். வண்டி ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ பதிவானது. பதிவுச் சான்றிதழில் உள்ள செல்போன் எண் பத்து வருஷத்துக்கு முந்தையது. வண்டியை விற்றாயிற்று, பெயர் மாற்றவில்லை. கேமரா சொல்லும் குற்றம் பழைய உரிமையாளரைத் தேடிப் போகும். புது ஆளுக்கு, எஃப்.சி. எடுக்கப் போகும் அன்றுதான் பாக்கி இருப்பதே தெரியும். இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு, 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று போலிச் செய்தி அனுப்பி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைச் சுரண்டும் கூட்டமும் கிளம்பிவிட்டது. செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாஹன் தளத்துக்கு நேராகப் போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதே பத்திரம்.

ரசீது ஒழுங்காக வந்து சேர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரத்தைந்நூறை யார் கட்டுவது? சொந்தக் கார் என்றால் சந்தேகமில்லை. லாரியிலும் வாடகை வேனிலும் கதை வேறு. "அழுத்தினது நீதானே" என்று டிரைவரின் பேட்டாவில் கழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. லோடு காலை ஆறு மணிக்குக் கொச்சியில் இறங்கியாக வேண்டும் என்று சொன்னவர் யார்? சாமிமார்களைச் சபரிமலையில் இறக்கிவிட்டு, அடுத்த குழுவுக்காக மறுநாளே திரும்பி வந்துவிடு என்று சொன்னவர் யார்? அவர் பெயர் கேமராவின் படத்தில் விழாது.

இந்த இடத்தில் மோட்டார் வாகனச் சட்டம் நம்மை ஆச்சரியப்படுத்துகிறது. அதிவேகத்துக்கான 183-வது பிரிவு, ஓட்டுகிறவரோடு நிற்கவில்லை. தன்னிடம் வேலை செய்பவரை வேக வரம்பை மீறி ஓட்ட வைக்கிற முதலாளிக்கும் தண்டனை உண்டு என்கிறது. அதோடு விடவில்லை. வரம்பை மீறாமல் போய்ச் சேரவே முடியாத நேரத்தைக் குறித்து ஒருவர் அட்டவணை போட்டாலோ உத்தரவு கொடுத்தாலோ, அந்த அட்டவணையையே அவர் மீதான குற்றத்துக்கு முதல்நிலை ஆதாரமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1988-ல் எழுதிய சட்டத்திலேயே இருக்கிற வாசகம் இது. செல்போன் எச்சரிக்கையும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் சரியாக யோசித்து எழுதியிருக்கிறார். இன்று புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இடையில் ஓடிய வேகம் எல்லாம் கருவியில் பதிவாகின்றன. ஆதாரம் கைக்குள் இருக்கிறது. ஆனாலும் வழக்கு டிரைவர் பக்கம் போகிற வேகத்தில், அட்டவணை போட்டவர் பக்கம் போவதில்லை.

பாலக்காட்டில் சாலை நேரானது. தெற்கே இடுக்கி எல்லைக்கு வந்தால் வேகம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறுகிறது. கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும், உடுமலையிலிருந்து சின்னார் வழியாக மறையூருக்கும் ஏறும் பாதைகள் எல்லாமே மலைப்பாதைகள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே 40 கிலோமீட்டர் என்பது கேமராவுக்கு நல்ல பிள்ளை வேகம், வளைவுக்கு எமன்.

2022 டிசம்பர் 23-ம் தேதி இரவு நடந்ததைத் தேனி மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சபரிமலையில் தரிசனம் முடித்துத் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதிப் பக்தர்களின் கார், குமுளி மலைப்பாதையில் கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் பாய்ந்து, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் ராட்சதக் குழாய் மீது விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். இரவு, தூக்கமில்லாத நீண்ட பயணம், இறக்கம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பலகையில் எழுதிய எண் காப்பாற்றாது. ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் பாடம்தான் காப்பாற்றும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் விட்டுவிடும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர, ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இதே பாதைகளில் இன்னொரு கூட்டமும் தினமும் போகிறது. போடி, கம்பம், கோம்பைப் பக்கத்துப் பெண்கள், இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகளில் போய் மாலையில் திரும்புகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணினால் நமக்குத்தான் மூச்சு முட்டும். தோட்டத்தில் வேலை தொடங்கும் நேரம் தவறினால் கூலிக்கு ஆபத்து. ஜீப்காரருக்கு ஒரு நடை இறக்கிவிட்டு அடுத்த நடைக்கு ஓட வேண்டும். இந்த ஜீப்புக்கு அபராதம் போட்டால், அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தப் பெண்களின் கட்டணத்தில் வந்து ஏறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது ஜீப்காரரின் கால்தான். அந்தக் காலை அழுத்துவது தோட்டத்துக் கடிகாரம்.

மற்ற நாடுகளின் அனுபவம் என்ன? பிரான்ஸ் 2003 இறுதியில் தானியங்கி வேகக் கேமராக்களை வைக்கத் தொடங்கியது. சாலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அதே பிரான்ஸில், 2018 இறுதியில் 'மஞ்சள் சட்டை' போராட்டம் வெடித்தபோது மக்கள் தேடித் தேடி உடைத்ததும் அந்தக் கேமராக்களைத்தான். உயிரைக் காக்க வைத்தது என்று நம்பிய வரையில் சகித்துக்கொண்டார்கள். கஜானாவை நிரப்ப வைத்தது என்று தோன்றியதும் கோபம் கிளம்பிவிட்டது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் டீக்கடைப் பேச்சு இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது.

கேமராவைப் பார்த்ததும் பிரேக் போட்டு, தாண்டியதும் பறக்கிற தந்திரத்துக்கு மாற்று உண்டு. இரண்டு இடங்களுக்கிடையே ஆன நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையைப் பெங்களூரு–மைசூரு சாலையில் கர்நாடகப் போலீஸார் 2024-ல் கொண்டுவந்தார்கள். வாளையார்–வடக்கஞ்சேரி நான்கு வழிச் சாலைக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் அதுவும் ரசீது அனுப்புவதோடு நின்றால் பாதிக் கிணறுதான்.

மீதிக் கிணற்றைத் தாண்ட பெரிய பணம் வேண்டியதில்லை. பயணிகள் வாகனத்திலிருந்து அதிவேக எச்சரிக்கை வந்தால், அது உரிமையாளரின் சட்டைப்பையில் முடங்காமல், அடுத்த சாவடியிலோ சுங்கச் சாவடியிலோ நிற்கும் அதிகாரிக்கும் போக வேண்டும். அவர் வண்டியை நிறுத்தி டிரைவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். சபரிமலை சீசனில் 'சேஃப் ஸோன்' என்ற பெயரில் கேரள மோட்டார் வாகனத் துறை ரோந்து நடத்துகிறது. அந்த மாதிரி ஆட்கள் சீசன் முடிந்த பிறகும் குமுளியிலும் போடிமெட்டிலும் வேண்டும். எல்லை தாண்டும் வண்டிகளுக்கான நோட்டீஸ் தமிழிலும் வர வேண்டும். எதிர்த்துச் சொல்ல இருப்பவர் வேலையை விட்டுவிட்டு பாலக்காட்டுக்கோ தொடுபுழாவுக்கோ அலையாமல் சொந்த ஊரிலிருந்தே சொல்ல வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வண்டி மூன்றாம் முறை, நான்காம் முறை பிடிபடும்போது, அந்த வண்டியின் பயண அட்டவணையை அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 183-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேனை வாடகைக்குப் பிடிக்கும்போது, "எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?" என்று கேட்கிறோம். "நேற்று ராத்திரி தூங்கினீங்களா?" என்று டிரைவரிடம் கேட்பதில்லை. முளந்துருத்திப் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளுக்கு அதைக் கேட்கும் வயதில்லை. வழியனுப்ப வந்தவர்களின் கண்ணில் டிரைவரின் களைப்பு பட்டது. பஸ்ஸின் வேகம் கருவியின் கண்ணில் பட்டது. பஸ் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த தடவை வாளையார் தாண்டித் திரும்பும்போது, க.க. சாவடி வந்தாலும் அந்தப் பெல்ட் மாட்டியபடியே இருக்கட்டும். டிரைவரிடம், "மெதுவாவே போங்கண்ணா, ஒண்ணும் அவசரம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருக்கிறார்.